ரம்பம் வாங்கப் போகும்முன் மரத்தை அளந்துவிட்டுப் போங்கள்

"வீட்டுக்குங்களா, தொழிலுக்குங்களா?"

செயின்சா வாங்கப் போனால் விவரமான கடைக்காரர் முதலில் கேட்பது இதைத்தான். இதைக் கேட்காமல், "58 சிசி, 22 இன்ச், எந்த மரமானாலும் அறுத்துத் தள்ளிடும்ணா" என்று நேரே பெட்டியைப் பிரிக்கிறவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள். அவர் மனதில் வைத்திருக்கும் மரம் நம் வீட்டில் இல்லை.

சேலம் மாவட்டத்துத் தறி ஊரான ஜலகண்டாபுரம் பக்கத்தில் ஒரு வீட்டில் என்னதான் மரம் இருக்கும்? வாசலில் ஒரு வேம்பு. கொல்லையில் முருங்கை. காடு இருந்தால் வேலியோரம் கிளுவை, வரப்பில் பூவரசும் புளியும், பத்துத் தென்னை, மேட்டாங்காட்டில் நாலு வெள்வேல். இவற்றில் வருஷத்துக்கு ஒருமுறை ஆடிக்காற்றுக்கு முன்னால் ஓட்டின் மேலும் ஷீட்டின் மேலும் சாய்கிற கிளைகளைக் கழிக்க வேண்டும். கழித்ததை வெந்நீர் அடுப்புக்கு முழ நீளத்தில் துண்டு போட வேண்டும். வீட்டில் கேஸ் வந்து எத்தனையோ வருஷமாகியும், குளிக்கிற தண்ணீருக்கு இன்னும் விறகு எரிக்கிறவர்கள் நம்மிடையே ஏராளம். அந்த வேலைக்கு எவ்வளவு பெரிய ரம்பம் வேண்டும் என்பதைக் கடையில் முடிவு செய்ய முடியாது. மரத்தடியில்தான் முடியும்.

ஒரு சணல் கயிறு எடுத்துக்கொண்டு மரங்களைச் சுற்றி வாருங்கள். நீங்கள் உண்மையிலேயே அறுக்கப்போகும் கிளையில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, நீளத்தை மூன்றால் வகுத்தால் கிளையின் கனம் கிடைத்துவிடும். சுற்றளவு 24 இன்ச் என்றால் கனம் 8 இன்ச், ஏறக்குறைய ஒரு சாண். வீட்டு மரத்தில் கழிக்கிற கிளைகளில் பெரும்பாலானவை ஒரு சாணைத் தாண்டுவதில்லை. ரம்பத்தின் பார், அதாவது செயின் ஓடுகிற அந்த நீளப் பட்டை, அறுக்கும் கனத்தைவிட இரண்டு இன்ச் கூடுதலாக இருந்தால் போதும். ஆக 12 இன்ச் போதும், 14 தாராளம், 16 என்றால் எப்போதாவது வரும் அடிமரத்தையும் இரண்டு பக்கமிருந்து அறுத்து முடிக்கலாம். 22 இன்ச் யாருக்கு என்றால் புளியமரம் ஏலம் எடுப்பவருக்கு.

பெரிசா வாங்கி வைத்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். தோள் கெட்டுப்போகும். பெட்ரோலும் ஆயிலும் ஊற்றி, பாரும் மாட்டினால் அந்த 22 இன்ச் மிஷின் ஏழெட்டுக் கிலோ வந்து நிற்கும். அரைக்குடம் தண்ணீரை இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, அது அதிர்ந்துகொண்டே இருக்க, முக்கால் மணி நேரம் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டு உபயோகத்துக்கென்று வரும் 30, 35 சிசி மிஷின் நாலைந்து கிலோவில் முடிந்துவிடும். சிசியைக் கேட்டு மயங்கவும் வேண்டாம். கிணற்று மோட்டாரை எச்.பி. சொல்லித்தானே வாங்குகிறோம்? இங்கேயும் அதையே கேளுங்கள். பெட்டியில் கிலோவாட் என்று போட்டிருந்தால் 746 வாட் ஒரு எச்.பி. வீட்டு விறகுக்கு 2 எச்.பி. மிஷின் நன்றாகவே போதும். விலை குறைந்த மிஷின்கள் சிலவற்றில் ஸ்டிக்கரில் ஒரு சிசியும் உள்ளே சிலிண்டரில் அதைவிடச் சின்ன சிசியும் இருப்பதுண்டு என்பதையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பெட்ரோலா கரண்டா பேட்டரியா.

என் கட்சி கரண்டு. வீட்டைச் சுற்றி 30 மீட்டருக்குள்தான் வேலை என்றால் வயர் போட்ட ரம்பத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. விலை குறைவு. கயிறு இழுக்க வேண்டாம், ஆயில் கலக்க வேண்டாம், ஆறு மாதம் மூலையில் கிடந்தாலும் சுவிட்சை அழுத்தினால் ஓடும். 1800, 2000 வாட்டில் 14, 16 இன்ச் பாரோடு நல்ல மிஷின்கள் கிடைக்கின்றன. இரண்டு விஷயம் மட்டும் பார்க்க வேண்டும். 2000 வாட் என்றால் ஒன்பது ஆம்பியர் இழுக்கும். டிவிக்கும் செல்போனுக்கும் இருக்கிற சின்ன பிளக்கில் சொருகினால் பிளக் உருகும். மோட்டாருக்கோ கிரைண்டருக்கோ போட்ட பெரிய பிளக்கில்தான் சொருக வேண்டும். கல்யாண வீட்டு சீரியல் லைட்டுக்கு இழுக்கிற மெல்லிய வயரும் ஆகாது, 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயராவது வேண்டும், 2.5 என்றால் இன்னும் நல்லது. சாயங்காலம் தறியெல்லாம் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் இறங்கி நிற்கிற தெருவில் மெல்லிய வயரையும் போட்டால் மோட்டார் முக்கும், சூடேறும், ஒருநாள் புகையும். காலையில் அறுத்துவிடுங்கள். வயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள், சொந்த வயரைத் தானே அறுத்தவர்கள் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள். தூறலில் தொடவே கூடாது.

பேட்டரியில், கையடக்கமாக 4 இன்ச், 6 இன்ச் பாரோடு இணையத்தில் விற்கிற குட்டி ரம்பம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மணிக்கட்டுக் கனத்துக் கிளை, கொய்யா, மாதுளை, செம்பருத்தி கவாத்துக்கு அது பரவாயில்லை. விறகு அறுக்க அதை நம்பி இறங்கினால் பத்துக் கட்டைக்குள் பேட்டரி படுத்துவிடும். பெரிய பேட்டரி ரம்பங்கள் நன்றாகத்தான் அறுக்கின்றன. ஆனால் இரண்டு பேட்டரியும் சார்ஜரும் சேர்த்தால் நம் ஊர்க் கணக்குக்கு விலை எகிறிவிடும்.

பிளக் எட்டாத காட்டில் மரம் இருந்தால் பெட்ரோல் மிஷின்தான் வழி. 35 முதல் 45 சிசிக்குள், 16 இன்ச் பார். இதற்கு மேல் வீட்டுக்காரர் போக வேண்டியதில்லை. பழைய டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்கு இதன் எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அதே டூ ஸ்ட்ரோக், அதே 2டி ஆயில். எஞ்சினுக்குள் தனியாக ஆயில் கிடையாது, பெட்ரோலோடு கலந்து போகிற ஆயில்தான் பிஸ்டனுக்கு உயிர். நல்ல கம்பெனி மிஷினும் நல்ல ஆயிலும் என்றால் 50க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. விலை குறைந்த மிஷின்கள் பலவற்றுக்கு 25க்கு 1, லிட்டருக்கு 40 மில்லி. புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான், கண் மதிப்பில் ஊற்றுவது கூடாது. ஆயில் இல்லாத பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் மிஷின் அன்றைக்கே ஜாம்.

இப்போது பங்க்கில் பிடிக்கிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். இந்த மிஷின்களைச் செய்கிற பெரிய கம்பெனிகள் 10 சதவீதம் வரைதான் தாங்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கின்றன. எத்தனால் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வை நாளாக நாளாகக் கெடுக்கும். இது எனக்கு அனுபவத்தில் தெரிந்த பாடம். ஆடியில் வேப்பங்கிளை கழித்துவிட்டு, டேங்கில் இருந்த அரை லிட்டரை அப்படியே விட்டு மிஷினை மூட்டை போட்டு வைத்தேன். பொங்கலுக்கு முந்தின நாள் வெளியே எடுத்து ஐம்பது தடவை கயிறு இழுத்திருப்பேன், ஒரு இருமல்கூட வரவில்லை. மெக்கானிக் கார்புரேட்டரைப் பிரித்து அந்தச் சவ்வை விரலால் எடுத்துக் காட்டினார். பொரிக்காத அப்பளம் மாதிரி விறைத்துப்போயிருந்தது. பொங்கல் பானைக்குக் கோடாரியால் விறகு பிளந்து கொடுத்தேன். அன்றிலிருந்து, வேலை முடிந்ததும் டேங்கைக் கவிழ்த்து, மீதி பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிட்டுத்தான் வைக்கிறேன். கலந்த பெட்ரோலையும் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை.

எஞ்சினைப் பற்றி இவ்வளவு பேசியாயிற்று. ஆனால் மரத்தை அறுப்பது எஞ்சின் இல்லை, செயின். பாதிப் பேர் இதைக் கவனிப்பதே இல்லை. அந்தச் செயினுக்கு ஒரு கதையும் உண்டு.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் என்பவர் 1926இல் கம்பெனி தொடங்கிச் செய்த மின்சார ரம்பத்தை இரண்டு பேர் தூக்கவேண்டியிருந்தது. அந்தக் காலத்துச் செயினில் கை ரம்பத்தின் பற்களைத்தான் வரிசையாகக் கோத்திருந்தார்கள். அறுக்கும், ஆனால் சீக்கிரம் மழுங்கும், அரம் போட்டே நாள் போய்விடும். 1946இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்கிற மரவெட்டி, விறகு வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு அடிக்கட்டைக்குள் வண்டுப் புழு ஒன்று மரத்தைத் தின்றுகொண்டு போவதைப் பார்த்தார். நார் ஓடுகிற வாக்கில் போனாலும் சரி, குறுக்கே போனாலும் சரி, அது பாட்டுக்குப் போனது. அதன் தாடை இடமும் வலமுமாகச் சீவிக்கொண்டே நகர்ந்தது. அதைப் பார்த்து அவர் செய்த செயின்தான் இன்றைக்கு எல்லா மிஷினிலும் ஓடுகிறது. இடப்பக்கம் ஒரு பல், வலப்பக்கம் ஒரு பல். நம் மாமரத்தின் தண்டைத் துளைத்து மரத்தையே சாகடிக்கிறதே ஒரு வெள்ளைப் புழு, அதுவும் அதே நீள்கொம்பு வண்டுக் குடும்பம்தான். அதைத் திட்டும்போது கொஞ்சம் மரியாதையோடு திட்டலாம்.

செயின் கூராக இருக்கிறதா என்று பார்க்க மிஷினைத் தொடவே வேண்டாம், கீழே விழுந்த தூளை அள்ளிப் பாருங்கள். தேங்காய்த் துருவல் மாதிரி சீவல் சீவலாக விழுந்தால் செயின் நன்றாக இருக்கிறது. மஞ்சள்தூள் மாதிரி மாவாக விழுந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கின செயினோடு மிஷினை அழுத்தி அழுத்தி அறுப்பவர்கள்தான், "இந்த மிஷினுக்கு பவர் பத்தலை, பெரிசு வாங்கணும்" என்று கிளம்புவார்கள். ஐம்பது அறுபது ரூபாய் அரத்தில் தீர்கிற வியாதிக்கு ஆயிரக்கணக்கில் வைத்தியம்.

அரம் போடுவதைக் கற்றுக்கொள்ள அரைமணி நேரம் போதும். மிஷினோடு வருகிற செயினின் பிட்ச், அதாவது கண்ணிகளின் இடைவெளி அளவு, என்ன என்று பாருங்கள். சின்ன மிஷின்களில் பெரும்பாலும் 3/8 லோ புரொஃபைல், அதற்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம். .325 என்று போட்டிருந்தால் 4.8 மில்லிமீட்டர். பல்லின் மேல்விளிம்பில் ஒரு கோடு போட்டிருக்கும், அந்த 30 டிகிரிச் சாய்விலேயே அரம் போக வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சொன்னது: "தள்ளும்போது மட்டும் அரம் பேசோணும்ணா, இழுக்கும்போது தூக்கிருங்க. ஒரு பல்லுக்கு மூணு தள்ளுன்னா எல்லாப் பல்லுக்கும் மூணு." இடப்பக்கப் பல்லுக்கு மூன்றும் வலப்பக்கத்துக்கு ஐந்தும் போட்டால் ரம்பம் நேராகப் போகாது, ஒருபக்கமாக வளைந்து அறுக்கும்.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் மாட்டின் திமில் மாதிரி ஒரு மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று தீர்மானிப்பது அதுதான். பல்லின் முனைக்கும் திமிலுக்கும் இருக்கவேண்டிய உயர வித்தியாசம் சுமார் 0.65 மில்லிமீட்டர். நாலைந்து தடவை அரம் போட்டதும் பல் தேய்ந்து இறங்கி, திமில் அப்படியே நிற்கும். அப்போது பல் எவ்வளவு கூராக இருந்தாலும் மரத்தை எட்டாது. தட்டை அரத்தால் திமிலை இரண்டு இழுப்பு இறக்க வேண்டும். ஆசைப்பட்டு அதிகம் இறக்கினால் ரம்பம் வெறிபிடித்த மாதிரி கடித்து இழுக்கும், அதைப் பிடித்து நிற்க முடியாது.

நம் மரங்களில் செயினை அதிகம் தின்பது காய்ந்த சீமைக் கருவேலம். வறண்டு கிடந்த ஏரிகளையெல்லாம் அது ஒரு தலைமுறைக் காலம் பிடித்து வைத்திருந்தது. ஏரிக்குள் நிற்பது பொதுச் சொத்து, அதில் கை வைக்க வேண்டாம். நம் காட்டில் நிற்பதை வெட்டினால் பச்சையாக இருக்கும்போதே துண்டு போட்டுவிடுங்கள். காய்ந்தபின் அது இரும்பு. வேம்பும் அப்படித்தான், பச்சையில் அறுத்து அடுக்கி, நாலைந்து மாதம் வெயிலில் காயவைத்து எரிப்பதுதான் முறை. புளியின் வைரத்தைப் பற்றிக் கறிக்கடை வெட்டுக்கட்டையே சாட்சி சொல்லும். தென்னை, பனை இரண்டும் வேறு சாதி. உள்ளே பஞ்சு, வெளியே கம்பி. நார் கிழிந்து மிஷினுக்குள் அடைத்துக்கொள்ளும், செயினும் சீக்கிரம் போகும். எந்த மரமானாலும் மண்ணில் உரசவிட்டால் ஒரு நொடியில் கூர் போச்சு. கட்டையைத் தரையில் போட்டு அறுக்காதீர்கள். குறுக்கே இரண்டு கட்டை வைத்துத் தூக்கி வைத்து அறுங்கள்.

செயினுக்குத் தனி டேங்கில் தனி ஆயில். இதில் வண்டியில் இறக்கின கறுப்பு ஆயிலை ஊற்றுவது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. அதில் இரும்புத்தூள் இருக்கும், அது பாரைத் தேய்க்கும், நம் கையிலும் காயிலும் படும். வாங்கும்போதே கடையில் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். பாரின் நுனியை ஒரு வெள்ளைத்தாளுக்கு முன்னால் பிடித்து ஓடவிட்டால் தாளில் மெல்லிய ஆயில் கோடு விழ வேண்டும். விழவில்லை என்றால் செயினுக்கு ஆயில் போகவில்லை. இன்னொன்று, பிரேக். முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் தடுப்பை முன்னால் தள்ளினால் செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். பிரேக் போட்ட நிலையில் லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்தாலும் நகரக் கூடாது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இதில் தேறாத மிஷின் வேண்டாம். அந்தக் கடையிலேயே இதே அளவுச் செயின் தனியாக இருக்கிறதா, கார்புரேட்டர் கிட் கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள். செயினுக்கு மூன்று எண்கள் சொல்ல வேண்டும்: பிட்ச், பாரின் பள்ளத்தில் ஓடும் அடிப்பல்லின் தடிமன், அந்த அடிப்பற்களின் எண்ணிக்கை. மூன்றையும் மிஷின் பெட்டியின் மேல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், உதை. பாரின் நுனியில், மேல் கால்வட்டம் எதிலாவது பட்டால் மிஷின் கண்மூடித் திறக்குமுன் முகத்தை நோக்கி எகிறும். முழு வேகத்தில் செயின் நொடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது. கிளைகளுக்கு நடுவே அறுக்கும்போது பின்னால் இருக்கிற இன்னொரு கிளை நுனியில் படுவதுதான் பெரும்பாலும் நடப்பது. அதனால் இரண்டு கையும் மிஷினில் இருக்க வேண்டும், இடது கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றி இருக்க வேண்டும், ரம்பம் தோளுக்கு மேலே போகவே கூடாது. ஏணியில் நின்றுகொண்டு செயின்சா பிடிப்பவரைப் பார்த்தால் இறக்கிவிடுங்கள். உயரத்துக் கிளைக்குத் தொரட்டியும் கை ரம்பமும் இருக்கின்றன, அதற்கும் எட்டாவிட்டால் ஏறத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள்.

லுங்கியோடு நிற்பதும் ஆகாது. வெளிநாட்டில் இதற்கென்று ஒரு கால்சட்டை உண்டு. அதில் இரும்பு எதுவும் இல்லை, உள்ளே நீள நீளமான செயற்கை நூல் அடுக்கடுக்காகத் திணித்திருப்பார்கள். செயின் பட்டதும் நூல் உருவிக்கொண்டு போய்ப் பல்சக்கரத்தில் சுற்றி மிஷினை நிறுத்திவிடும். தறி ஓட்டுகிற ஊருக்கு இது புரியும், நூல் சிக்கினால் எந்த மிஷினும் நிற்கத்தானே வேண்டும்? கரண்டு ரம்பத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை, அதன் மோட்டார் அவ்வளவு சுலபமாக நிற்காது. கால்சட்டை கிடைக்காவிட்டாலும் தடித்த ஜீன்ஸ், ஷூ, கண்ணாடி வேண்டும். காதுக்கு அடைப்பானும் வேண்டும். தறிச்சத்தத்தில் பழகின காது என்று சொல்லாதீர்கள், பெட்ரோல் ரம்பம் 100 டெசிபலுக்கு மேல் அலறும்.

கிளை கழிக்கும்போது மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால் பாரத்தில் கிளை முறிந்து, அடிமரத்தின் பட்டையையும் ஒரு முழத்துக்கு உரித்துக்கொண்டு இறங்கும். முதலில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு அதற்கு ஒரு சாண் தள்ளி மேலிருந்து முழுதாக, கடைசியில் மிச்சமிருக்கும் மொட்டையை அடிமரத்தின் கழுத்தை ஒட்டி. முருங்கைக்கு இந்த மரியாதை எதுவும் வேண்டாம், அரிவாளே போதும். இரண்டு முனையும் தாங்கி நிற்கிற கட்டையை மேலிருந்து அறுத்தால் நடுவே அமுங்கி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். மிஷினை நிறுத்திவிட்டு ஒரு மர ஆப்பு அடித்தால் விடுபடும். ஆப்பசைத்த குரங்கின் கதை தெரிந்தவர்கள், ஓடுகிற மிஷினை அதிலிருந்து பிடுங்க மாட்டார்கள்.

கரண்டுக் கம்பியைத் தொடுகிற கிளை என்றால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தாமல் பக்கத்திலேயே போகாதீர்கள், பச்சைக் கிளையில் கரண்டு பாயும். பனையில் கை வைக்கும் எண்ணம் இருந்தால், மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்திருக்கிறார்கள். சந்தனம் தானாக முளைத்து நம் காட்டில் நின்றாலும் வனத்துறையிடம்தான் முதலில் போக வேண்டும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, வருஷத்துக்கு இரண்டு நாள் வேலைக்கு இத்தனை வம்பா என்று தோன்றினால், அதுவும் சரியான கணக்குதான். சொந்த மிஷினோடு வந்து கழித்துக் கொடுக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். விறகை எடுத்துக்கொண்டு கூலியைக் குறைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. வருஷத்தில் பத்து நாளுக்கு மேல் வேலை இருக்கிறவர் வாங்கலாம். அதற்குக் குறைவு என்றால் ஒரு நல்ல வளைவுக் கை ரம்பம், ஒரு தொரட்டி, ஒரு கோடாரி.

எங்கள் வீட்டில் மிஷின், கை ரம்பம் இரண்டும் இருக்கிறது. போன மாதம் பெரியப்பா மகன் மிஷினை இரவல் கேட்டு வந்தான். கொடுத்தேன். திரும்பி வரும்போது செயின் முழுக்க மண். "ஒண்ணும் பண்ணலண்ணா, தரையோட தரையா ஒரே ஒரு அடிக்கட்டை அறுத்தேன்" என்றான். திண்ணையில் உட்காரவைத்து, நாலு மில்லிமீட்டர் அரத்தை அவன் கையில் கொடுத்தேன். 52 அடிப்பல் செயினில் வெட்டுப்பல் 26. ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு.